அழிக்கச் சொன்ன செய்தி

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இலங்கையில் போர் மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலம். கண்டி நகரில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்த இரண்டு ஆசிரியைகளில் நான் ஒருத்தி. நான் மலையகத்துக்காரி, தமிழ்ப் பாடம். மற்றவர் யாழ்ப்பாணத்திலிருந்து நியமனம் பெற்று வந்த விஞ்ஞான டீச்சர். நாய் குரைத்தாலே நான் கதவைச் சாத்திக்கொள்வேன். அவரோ வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார்.

பாடசாலை என்றால் ஒரே நீள மண்டபம். கரும்பலகைகளைக் குறுக்கே நிறுத்திவிட்டால் வகுப்புகள் பிரிந்துவிட்டதாகக் கணக்கு. இந்தப் பக்கம் வாய்ப்பாடு, அந்தப் பக்கம் தேவாரம், நடுவில் என் இலக்கணம். பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்தால் கூரை பறக்கக் கத்துவார்கள். தனியாக ஒருத்தரை எழுப்பிக் கேள்வி கேட்டால் போதும், கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அடித்தாலும் வாய் திறக்காது, அணைத்தாலும் திறக்காது.

இந்த டீச்சர் வந்த சில வாரங்களில் தன் சொந்த டேப் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு வந்தார். வகுப்பில் ஒரு வானொலி நிலையம் தொடங்கினார். பெயர் ‘எங்கள் தோட்டத்து வானொலி’. போத்தலில் விழுந்த மழைநீரை அளந்து ஒரு பிள்ளை வானிலை சொல்லும். இன்னொன்று செய்தி வாசிக்கும். ஒரே ஒரு சட்டம்: கண்ணால் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு டீச்சர் பின்சுவரோரம் போய் நின்றுகொள்வார். முறை யாருடையதோ அந்தப் பிள்ளை தானாக எழுந்து தொடங்கும். தன் குரலைத் தானே கேட்ட அன்று அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! ஊமை என்று நாங்கள் எழுதி வைத்திருந்ததுகள் எல்லாம், “டீச்சர், நாளைக்கு நானு” என்று முண்டியடித்தன.

பாடசாலையில் கரண்ட் கிடையாது. புதுப் பற்றரி வாங்கிக் கட்டுப்படியாகாது. அதனால் டீச்சரும் பிள்ளைகளும் தீர்ந்துபோன பற்றரிகளைச் சேர்த்து வெயிலில் காய வைப்பார்கள். காய்ந்தால் கொஞ்ச நேரம் ஓடும். பக்கத்து ஊரான திகனவில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா, வாடிக்கையாளர் வீசிவிட்டுப் போகும் பற்றரிகளை டீச்சருக்கென்றே ஒரு பையில் போட்டு வைப்பார். ஒரு திங்கட்கிழமை அந்தப் பையோடுதான் பஸ்ஸில் போனோம்.

அது, குண்டு செய்ய உதவும் என்று வடக்குக்குப் பற்றரி கொண்டுபோகத் தடை இருந்த நேரம். பன்விலவுக்குக் கிட்ட சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். டீச்சரின் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். கையில் பை நிறையப் பற்றரி. அதற்கு மேல் சொல்ல வேண்டுமா? அங்கிருந்த பொலிஸ் சார்ஜன் பையைக் கவிழ்த்துப் பார்த்தார். டீச்சருக்குச் சிங்களம் தெரியாது. நான்தான், இதெல்லாம் செத்த பற்றரி, பிள்ளைகளின் படிப்புக்கு என்று சொன்னேன். செத்த பற்றரியில் என்ன படிப்பு என்று கேட்டார். எனக்கே அது நம்பும்படியாகப் படவில்லை.

யாழ்ப்பாண அட்டைக்காரர் ஒருவர் பொலிஸ் நிலையத்துக்குள் போனால் எப்போது வெளியே வருவார் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. நான் அழுதேவிட்டேன். சார்ஜன் கொஞ்சம் யோசித்தார். சரி, பாடசாலைக்கே போவோம், பிள்ளைகளைக் கேட்கிறேன், பொய் என்றால் அங்கிருந்து நேரே நிலையத்துக்கு என்றார். ஜீப்பில் ஏறும்போது டீச்சர் என் கையைப் பிடித்து, “பயப்பிடாதையும். வகுப்புக்கு நேரம் போகுது” என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

துப்பாக்கியோடு பொலிஸார் மண்டபத்துக்குள் நுழைந்ததும் வாய்ப்பாடும் தேவாரமும் நின்றுபோயின. தமிழருக்கு எதிரான கலவர நாட்களில் தேயிலைக்குள் ஒளிந்து உயிர் தப்பியவர்களின் பிள்ளைகள் அவர்கள். காக்கியைக் கண்டால் எப்படிப் பேசுவார்கள்? சார்ஜன் பற்றரி ஒன்றைத் தூக்கிக் காட்டி, இது எதற்கு என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். எல்லோரும் பெருவிரலைப் பார்த்தார்கள். கெஞ்சினேன். ஊஹூம். சார்ஜன் கான்ஸ்டபிளிடம் பையை எடுக்கச் சொல்லிவிட்டார்.

அப்போது டீச்சர் என்னிடம், “அஞ்சு நிமிசம் கேளும்” என்றார். சார்ஜன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். டீச்சர் அலுமாரியைத் திறந்து டேப் ரெக்கோடரை எடுத்தார். காய வைத்திருந்த பற்றரிகளைப் போட்டார். பொத்தானை அமுக்கினார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், வழக்கம்போலப் பின்சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

டேப் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு மூன்றாம் வரிசை வாங்கிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள்.

“வணக்கம். இது எங்கள் தோட்டத்து வானொலி. செய்திகள். இன்னிக்கு எங்க வகுப்புக்கு பொலிஸ்காரங்க வந்திருக்காங்க. அவங்க கையில துவக்கு இருக்கு. எங்களுக்குப் பயமா இருக்கு. டீச்சரோட பெட்டரிய எடுத்துக்கிட்டுப் போகப் போறாங்க. அதெல்லாம் செத்த பெட்டரி. வெயில்ல காய வச்சா கொஞ்ச நேரம் உசுரு வரும். அதுலதான் நாங்க பேசுறோம். செய்திகள் முடிந்தன.”

குரல் நடுங்கியது. ஆனால் நிற்கவில்லை. நான் ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னேன். சார்ஜன் திரும்பப் போட்டுக் காட்டச் சொன்னார். செய்தியின் நடுவே அவருடைய இருமலும் பதிந்திருந்தது. அதைக் கேட்டு ஒரு பொடியன் களுக்கென்று சிரிக்க, வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். பையை மேசைமேல் வைத்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, தணிந்த குரலில் என்னிடம் ஒன்று கேட்டார்: அந்தத் துவக்கும் பயமும் வருகிற இடத்தை மட்டும் அழித்துவிட முடியுமா?

நான் டீச்சரிடம் சொன்னேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“ஏலாது. பிள்ளை கண்டதைத்தானே சொன்னது. அதை அழிச்சால் நாளைக்கு அவள் வாய் திறக்கமாட்டாள். அப்பிடியே சொல்லும்.”

அப்படியே சொல்வதா? நான் என்ன பைத்தியமா? இந்த மெஷினில் அழிக்கிற வசதி இல்லை என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் நம்பினாரோ என்னவோ, அந்தச் சிறுமியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஜீப் சத்தம் மறைந்த பிறகுதான் டீச்சர் வாங்கில் உட்கார்ந்தார். அவருடைய சேலை முதுகெல்லாம் வியர்வையில் ஊறியிருந்தது. அவருக்கும் பயம் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவரோடு ஒரே அறையில் இருக்கக் கொடுத்து வைத்தவள் நான் என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

இப்போது தோட்டப் பாடசாலைகளிலும் கணினி வந்துவிட்டது, சுவரில் பெரிய திரை ஒளிர்கிறது. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த வகுப்பறைக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் தேடுவது, ஒரு பிள்ளை பயந்து பயந்து சொன்ன உண்மையை யார் கேட்டாலும் அழிக்க ஏலாது என்று சொல்லும் ஒருவர் அங்கே நிற்கிறாரா என்பதைத்தான்.