நான் வாங்காத ஆரஞ்சு

இருபத்தாறு வயதில் என் மகனுக்குப் பக்கவாதம் வந்தது. வயலில் நாற்று முடிகளை வீசிக் கொடுத்த வலது கை விழுந்துவிட்டது. இடது கையால் கொடுக்கக் கூசி, யாருக்கும் எதையும் கொடுப்பதையே விட்டுவிட்டான்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கைப் பயிற்சிக்காக, இல்லாத இடத்தைக் கண்முன் காட்டும் வி.ஆர். கண்ணாடியை அவனுக்கு மாட்டினார்கள். அதற்குள் ஓர் ஆரஞ்சுத் தோட்டம். நிஜக் கை கொஞ்சம் அசைந்தாலே, அங்கே முழுக்கை நீண்டு பழம் பறிக்குமாம்.

"இந்தாம்மா, பிடி" என்றான்.

அவன் மடியிலிருந்த வலது கை சற்றே எழும்பி, வெறுமையாக நடுங்கியது. வலிப்பு என்று பயந்து கண்ணாடியைப் பிடுங்கிவிட்டேன்.

அவன் தன் கையையே பார்த்தான். "ஏம்மா கழட்டுன? வாங்கியிருக்கலாம்ல?"

இப்போதெல்லாம் பயிற்சியின்போது உள்ளங்கையை நீட்டியபடி எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். பறிக்கிற பழங்களை அவன் கண்ணாடிக்குள் இருக்கும் கூடையில்தான் போடுகிறான்.