பாலிதீன் பையில் ஒரு செண்பகம்

காலையில் வாக்கிங் போகிறேன் பேர்வழி என்று பாலிதீன் பையோடு கிளம்பி, அடுத்தவர் வீட்டுக் காம்பவுண்டுக்கு மேலே எட்டிப் பூப்பறிக்கும் ஆசாமிகளைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். சாமிக்குப் பறித்தால் திருட்டில்லையாம். எந்தச் சாமி வந்து இவர்களிடம் சொன்னது?

தொண்ணூறுகளில் அபிராமபுரத்தில் ஒரு வீட்டின் கீழ்ப் போர்ஷனில் குடியிருந்தோம். வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் இருந்தது. நாங்கள் நால்வரும் அதில் இறங்காத நாள் கிடையாது. மழை விட்டதும் நானும் தம்பியும் வாளியோடு போய் நத்தை பொறுக்குவோம். மார்கழியில் கோலம் போட்ட கையோடு அம்மா கனகாம்பரம் பறிப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா எங்களை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மயிலாப்பூர் மாட்டுக்கொட்டகைக்குப் போய்ச் சாணம் வாங்கி வருவார். முன் பாரில் தம்பி, கேரியரில் நான், என் மடியில் சாணக் கோணி. தெருவே மூக்கைப் பிடித்துக்கொள்ளும்.

செண்பகக் கன்றையும் அடையாறு பக்கம் ஒரு நர்சரியிலிருந்து அப்படித்தான் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். மூன்று வருஷத்தில் பூக்கும் என்றார் நர்சரிக்காரர். பூக்கவில்லை. கோடையில் தண்ணீர் லாரி வந்தால் பிளாஸ்டிக் குடங்களோடு தெருவே அடித்துக்கொண்டு நின்ற காலம் அது. எங்களுக்குக் குளிக்க அரை வாளிதான். அரிசி களைந்த நீர், காய் கழுவிய நீர் எல்லாவற்றையும் அம்மா அந்த மரத்துக்கே ஊற்றினாள். "மொதப் பூ எனக்கு. சுவாமிக்கு ரெண்டாவது பூத்தாப் போறும்" என்று சொல்லிச் சிரிப்பாள். தனக்கென்று அம்மா ஆசைப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றைத்தான்.

நான்காம் வருஷம் நவராத்திரி சமயத்தில், தெருப்பக்கம் நீண்ட கிளையில் ஒரே ஒரு மொட்டு வந்தது. அம்மா தினமும் காபி டம்ளரோடு அதன் கீழே போய் நிற்பாள். "நாளைக்கு விரிஞ்சுடும்" என்றாள் ஒரு சாயங்காலம். மறுநாள் விடிந்ததும் எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். கடைசி வீட்டு மாமா, குடையின் வளைந்த பிடியால் கிளையை இழுத்துப் பிடித்தபடி நின்றிருந்தார். பூ அவர் கையிலிருந்த பாலிதீன் பைக்குள் போய்விட்டிருந்தது.

எங்களைப் பார்த்தும் அவர் துளிகூடப் பதறவில்லை. "சுவாமிக்குத்தானேம்மா எடுத்துண்டேன். உனக்கும் புண்ணியம்" என்றார். நான் கேட்டைத் திறந்துகொண்டு பாய்ந்தேன். அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். மாமா நிதானமாக நடந்து போனார்.

"ஒரு பூவுக்குப் போய் யாராவது சண்டை போடுவாளா?" என்றார் அப்பா. ஒரு பூவாம்! மாமா மேல் வந்ததைவிட அப்பா மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம். நாலு வருஷம் தண்ணீர் ஊற்றியவளின் முகத்தை அவர் ஒரு தடவை திரும்பியாவது பார்த்திருக்கலாம்.

அன்று சாயங்காலம் அந்த மாமா வீட்டுக் கொலுவுக்கு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்குப் போகவே பிடிக்கவில்லை. நடுப்படியில், அம்பாள் பொம்மையின் தலையில், எங்கள் செண்பகம். ஓரம் லேசாகப் பழுத்திருந்தாலும் வாசனை கூடம் முழுக்க நின்றது. மாமா ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தார். மாமி, பாவம், விஷயம் தெரியாமல் குங்குமத்தை நீட்டி, "கொழந்தே, ஒரு பாட்டுப் பாடேன்" என்று என்னைக் கேட்டாள். நான் உம்மென்று நின்றேன்.

அம்மா குங்குமம் இட்டுக்கொண்டாள். பிறகு எட்டி, பொம்மையின் தலையிலிருந்த பூவை எடுத்தாள். அத்தனை பேர் முன்னிலையில் கண்ணை மூடி, மூச்சை நன்றாக இழுத்து முகர்ந்தாள். தலையில் செருகிக்கொண்டாள். "சுவாமிக்கு வெச்சாச்சு. வரேன் மாமி" என்றாள். ஊஞ்சல் நின்றுவிட்டது.

வீட்டில் அப்பா பேப்பரிலிருந்து நிமிர்ந்து, "ஏது பூ?" என்றார்.

"சண்டையெல்லாம் போடலை. திருடிண்டு வந்துட்டேன்" என்றாள் அம்மா.