மான் கடித்த இலை

என் மகள் இப்போது எந்தச் செடியையும் கைபேசியில் படம் எடுத்து, பெயர் வந்த பிறகுதான் தொடுகிறாள். என் ஊரான நெடுந்தீவில், குதிரைகள் திரியும் காப்பு வெளியில், என் தம்பிக்குப் பின்னால் நடக்கும்போதும் அப்படித்தான். எருக்கலைக்கு ஒரு படம், அடம்பன் கொடிக்கு ஒரு படம். தம்பிக்குச் சிரிப்பு.

"உந்தப் பெட்டிக்கு எங்கட எருக்கலையைத் தெரியுமோ பிள்ளை?"

"தெரியுது மாமா."

அவன் என்னைப் பார்த்தான். நான் குதிரைகளைப் பார்த்தேன். நடந்ததை அவனுக்கு நான் சொல்லவில்லை.

கனடாவில் எங்கள் வீட்டுக்கு அருகிலும் இப்படியொரு காப்பிடம் உண்டு. 'ட்ரெயில்' என்ற ஒற்றைப் பாதையை விட்டு இறங்கக்கூடாது, எதையும் பறிக்கக்கூடாது. சென்ற வசந்தத்தில் அங்கே தளதளவென்று ஒரு செடி நின்றது. நுனியை மான் கடித்திருந்தது. மழை பொய்த்த காலங்களில் அம்மா எங்கள் மாடுகளின் பின்னால் போய், அவை வாய் வைத்த பூண்டுகளில்தான் கறிக்கு இலை ஆய்வார். நானும் அப்படித்தான் பழகினேன். வழியில் வந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் செடியைக் காட்டி, நல்லதா என்று கேட்டேன். மான்களுக்கு மிகவும் பிடிக்கும் என்றாள். அதையே எனக்கான பதிலாக எடுத்துக்கொண்டேன். அவள் போனதும் பை நிறையப் பறித்தேன்.

தேங்காய்ப்பூ போட்டு வறுத்தேன். மகளுக்குப் பிடிக்கும் என்று முழுவதையும் அவளுக்கே போட்டேன். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இந்த நச்சு இலையை யார் கொடுத்தது என்று டொக்டர் கேட்டார். நான் என்றேன். அதன்பின் எனக்கு அழுகை வரவில்லை, இன்றுவரை. அவள் சுகமாகிவிட்டாள். என்னைக் குறை சொன்னதில்லை. நான் கீரை சமைக்கும் நாட்களில் மட்டும், பசிக்கவில்லை என்பாள்.

வெளியின் கடைசியில் தம்பி முள்ளுப் பற்றைக்குள் கைவிட்டுக் காரைப்பழம் பறித்து வந்து இருவருக்கும் தந்தான். மகள் கைபேசியை உயர்த்தினாள். அங்கே கவரேஜ் இல்லை. அதை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, சாப்பிடலாமா?"

நடக்கத் தொடங்கிய வயதிலிருந்து நான் தின்ற பழம். ஆனால் 'ஓம், சாப்பிடு' என்ற சொல் வாய்க்கு வரவில்லை. ஒன்றைக் கடித்து விழுங்கினேன்.

"கொஞ்சம் பொறு," என்றேன்.

"என்னக்கா, ஊர்க் காரைப்பழத்துக்கும் சோதனையோ?" என்றான் தம்பி.

பிறந்த மண்ணில், தெரிந்த பற்றைக்கு முன்னால், என் வயிறு என்ன செய்கிறது என்று கவனித்தபடி நின்றேன். மகளும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய உள்ளங்கையில் பழம் வெயிலில் சூடேறிக்கொண்டிருந்தது.