இன்றேல், ஏன்?

பாராளுமன்ற அமர்வை இப்போது கைபேசியிலேயே பார்த்துவிடலாம். கேள்வி நேரத்தில் கமரா சபாநாயகரைக் காட்டும், அமைச்சரைக் காட்டும், பாதி காலியாகக் கிடக்கும் ஆசனங்களைக் காட்டும். எப்போதாவது ஒருமுறை மேலே ஏறிப் பார்வையாளர் கலரியைத் தடவிவிட்டு இறங்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் என் கண் கடைசி வரிசைக்குத்தான் ஓடும். ஊதா நிறச் சேலை கட்டிய ஒரு பெண் அங்கே எழுந்து நிற்கிறாரா என்று தேடும். அவர் இல்லை என்பது எனக்குத் தெரியாதா என்ன? அவருடைய கருமாதிக்கு வந்தவர்களுக்குச் சோறு பரிமாறியவளே நான்தான். தெரிந்தும் தேடுகிறேன். கமரா இறங்கிய பிறகுதான் மூச்சு விடுகிறேன்.

அவர் என் அத்தை, அப்பாவின் அக்கா. தலவாக்கலைக்கு மேலே, பஸ் போகும் ரோட்டிலிருந்து ஏறினால் நெஞ்சு அடைக்கும் ஒரு தோட்டத்தில் காலமெல்லாம் கொழுந்து பறித்தவர். வேலையிலிருந்து நின்ற பிறகும் தோட்டத்து மாதர் தலைவி அவர்தான். சாவு வீடோ, சடங்கு வீடோ, கோயில் திருவிழாவோ, அத்தை சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றால்தான் காரியம் நகரும். வாய் சும்மா இருக்காது. அவரிடம் பேச்சு வாங்காத ஆண்பிள்ளை அந்தத் தோட்டத்தில் கிடையாது, தோட்டத் தலைவர் உட்பட.

அவர் இருந்தது பத்துக் காம்பரா லயம். வரிசையாகப் பத்து அறை, ஒரு கூரை, பின்னால் நேராக எழும்பும் மலை. ஒரு மழைக்காலத்தில் அந்த மலையில் வெடிப்பு விட்டது. முதலில் விரல் நுழையும் அளவு, அடுத்த மழைக்கு ஒரு கால் நுழையும் அளவு. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். இது ஆபத்தான இடம், எழும்பிப் போய்விடுங்கள் என்று சொல்லி, ஒவ்வொரு கதவுக்குப் பக்கத்திலும் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு குறுக்குக்கோடு போட்டுவிட்டுப் போனார்கள். எங்கே போவது என்பதை மட்டும் சொல்லவில்லை. அதனால் பெருமழை பிடித்தால் லயத்துச் சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்குப் போகும். தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும் நேரத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கட்டடம் அது. மழை விட்டால் திரும்பி வரும். தோட்டத்துக்குக் கீழே மட்டமான நிலம் சும்மா கிடந்தது. மலை இறங்குவதற்கு முன்னால் அங்கே ஆளுக்கொரு வீடு, அத்தைக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

நான் அப்போது ஹட்டனில் ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அமைச்சர்களிடம் கேட்கவேண்டிய கேள்விகளைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுப்பது என் வேலை. அந்தக் கேள்விகளுக்கென்று ஒரு அச்சு இருக்கிறது. இன்ன தோட்டத்தில் இன்ன லயத்தில் மக்கள் ஆபத்தான நிலையில் வசிக்கிறார்கள் என்பதை அமைச்சர் அறிவாரா? ஆமெனில், அவர்களுக்கு மாற்று வீடு எப்போது வழங்கப்படும்? எல்லாம் கேட்டு முடித்துக் கடைசியில் ஒரு வரி வரும்: இன்றேல், ஏன்? அந்த லயத்துக்காக நான் எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டியபோது மற்றதையெல்லாம் தலையாட்டிக் கேட்டவர், இந்தக் கடைசி வரியில் கையைத் தட்டிச் சிரித்துவிட்டார். ஒரு மந்திரியைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா, சட்டம் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அன்றிலிருந்து லயத்தில் அதுவே பேச்சாகிவிட்டது. தேத்தண்ணி குடித்தாயா, இன்றேல் ஏன்? பொடியன் பள்ளிக்கூடம் போனானா, இன்றேல் ஏன்? சம்பளத்தன்று தள்ளாடி வரும் ஆண்களை மறித்தும் இதையேதான் கேட்பார்.

கேள்வி போய்ச் சேர்ந்தால் அமைச்சு அதைக் கீழே அனுப்பும், கீழே உள்ளவர்கள் ஓர் அதிகாரியை அனுப்பி இடத்தைப் பார்ப்பார்கள். அதிகாரி வருகிறார் என்ற தகவல் தோட்டத்துக்கு எட்டியதும் அத்தைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எங்கள் பக்கத்தில் பெரிய ஆள் யார் வந்தாலும் கோயில் முடக்கு வரை போய்த்தான் கூட்டி வருவோம். ரோடு வளைந்து ஏறும் அந்த இடத்தில் ஒரு மாரியம்மன் கோயில், ஒரு வாகைமரம். அங்கே நின்று மாலை போட்டு, பொட்டு வைத்து, தப்பு மேளம் அடித்து அழைத்து வருவதுதான் மரியாதை. வீட்டு வாசலில் நின்றுகொண்டு வாங்க என்று சொன்னால் தோட்டத்து மானம் போய்விடும். ஒரு காம்பரா பாக்கியில்லாமல் எல்லோரும் வரவேண்டும், சின்னது பெரியது எல்லாம் குளித்துவிட்டு நிற்கவேண்டும் என்று அத்தை உத்தரவு போட்டார். பக்கத்துக் காம்பராவில் இருந்த அவருடைய சிநேகிதி, நாங்கள் சின்னக்கா என்று கூப்பிடுகிறவர், விடியலிலேயே எழும்பி மாலை கட்டினார். நோயாளிக் கிழவரைக்கூட நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்களாம். போகும்போது கதவுகளைப் பூட்டிவிட்டுப் போனார்கள். சனம் இல்லாத லயத்தில் கதவைத் திறந்து போட்டுவிட்டா போவார்கள்?

அதிகாரி கோயில் முடக்குப் பக்கம் வரவில்லை. தோட்டத்து ஜீப்பில் ஏறி, தேயிலைத் தொழிற்சாலை ரோட்டால் மேலே சுற்றி வந்து, லயத்தின் பின்பக்கம் இறங்கியிருக்கிறார். பத்துக் கதவு, பத்துப் பூட்டு, பத்துச் சிவப்புக் கோடு. ஒரு நாய் குரைத்ததாம். தூறலுக்குள் தூரத்தில் எங்கோ தப்புச் சத்தம் கேட்டிருக்கும், ஏதோ திருவிழா என்று நினைத்திருப்பார். படம் எடுத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். பின்னேரம் வரை நனைந்துகொண்டு நின்ற சனத்திடம், ஐயா வந்து பார்த்துவிட்டுப் போய் எவ்வளவோ நேரமாகிறது என்று தொழிற்சாலை வாட்சர் வந்து சொன்னார். தப்பு நின்றது. அத்தை மாலையைக் கொண்டுபோய் அம்மன் கழுத்தில் போட்டுவிட்டு நடந்தார் என்று சின்னக்கா சொல்வார்.

மறுநாளே நான் உறுப்பினரிடம் சொன்னேன். அவரும் எங்கெங்கோ பேசினார். பார்க்கிறோம் என்றார்கள்.

பதில் வரும் நாளில் அத்தையை நானே கொழும்புக்குக் கூட்டிப் போனேன். அவர் கட்டியிருந்தது தீபாவளிக்கு எடுத்த ஊதாச் சேலை. கலரியில் பேசக்கூடாது, கை தட்டக்கூடாது, எழும்பக்கூடாது என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள். கீழே அத்தனை பெரிய கூடம், அத்தனை சிவப்புக் கம்பளம். அத்தை கடைசி வரிசையில், கோயிலில் இருப்பதுபோல் மடியில் கை கட்டி உட்கார்ந்திருந்தார். எங்கள் உறுப்பினர் அன்றைக்கு வரவில்லை. கட்சிக் கூட்டம் இழுத்துவிட்டது என்றார்கள், உண்மையோ பொய்யோ. அவருக்காக வேறொரு உறுப்பினர் எழுந்து கேள்வியின் இலக்கத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அமைச்சர் பதிலை வாசித்தார். சிங்களத்தில்தான், அத்தைக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அந்த லயத்தில் தற்போது எவரும் வசிக்கவில்லை. குடியிருந்தவர்கள் ஏற்கெனவே வேறிடம் சென்றுவிட்டனர். வீடுகள் பூட்டப்பட்டுள்ளன. எனவே கேள்வியின் மற்றப் பகுதிகளுக்குப் பதில் தேவைப்படாது. மேலதிகக் கேள்வி உண்டா என்று சபாநாயகர் கேட்டார். அந்த உறுப்பினருக்கு எங்கள் தோட்டம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதே தெரியாது. இல்லை என்று தலையசைத்தார். அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டார்கள்.

அப்போதுதான் அத்தை எழுந்து நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை, கையைக்கூட உயர்த்தவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, படம் பிடிக்க நிற்பதுபோல் நேராக நின்றார். உக்காருங்க அத்தை என்று நான் சேலையைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. பணியாளர் ஒருவர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் உட்கார்ந்தார். கீழே இருந்தவர்களில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் கினிகத்தேனையில் பஸ் தேத்தண்ணிக்கு நின்றது. கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு அத்தை சொன்னார்: "யாருமே இல்லேன்னு சொல்றாங்களே பாப்பா. எந்திரிச்சு நின்னா ஆளு இருக்குன்னு தெரியுமேன்னுதான் நின்னேன்." தேத்தண்ணியை அவர் குடிக்கவில்லை, அது ஆறிப்போனது.

பதில் கொடுத்தாகிவிட்ட கேள்வியை அதே கூட்டத்தொடரில் மறுபடி கேட்க முடியாது என்றார்கள். வேறு விதமாக எழுதிக் கொடுத்தேன். அது மற்றக் கேள்விகளுக்குப் பின்னால் வரிசையில் கிடந்தது. இதற்கிடையில் அத்தை கதவைப் பூட்டுவதை நிறுத்திவிட்டார். பகலெல்லாம் கதவை விரியத் திறந்துபோட்டு, லயத்து வாசலில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்கும் போவதில்லை, கோயிலுக்கும் போவதில்லை. மழை பிடித்து மற்றவர்கள் பாயைச் சுருட்டினாலும் அவர் எழும்புவதில்லை. நான் போய்ச் சண்டை பிடித்தேன், அழுதும் பார்த்தேன். "மறுபடி ஆபீசர் வந்தா ஒரு ஆளாவது இருக்கணும்ல. போன தடவ எல்லாரையும் இழுத்துக்கிட்டுப் போனது நான்தானே." நான் என்ன சொல்லியும் அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஊரை மரியாதைக்கு அழைத்துப்போன ஒரு மனுஷிக்கு இப்படி ஒரு தண்டனையா என்று இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அன்றைக்குக் காலையிலிருந்தே கொட்டியது. மத்தியானத்துக்கு முன்னாலேயே சனம் பிள்ளைக்காம்பராவுக்குப் போய்விட்டது. சின்னக்கா கடைசியாகக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், நீ போ, நான் இருக்கேன் என்றாராம். கொஞ்ச நேரத்தில் மலை இறங்கியது. நான் ஹட்டனிலிருந்து போய்ச் சேர்ந்தபோது லயத்தின் பாதியைக் காணவில்லை, அந்த இடத்தில் சிவப்பு மண் மட்டும் இருந்தது. மீட்பு வேலைக்கு வந்த இயந்திரத்தை முதலில் வேறொரு தோட்டத்துக்குத் திருப்பியிருந்தார்கள். பதிவில் இது ஆளில்லாத லயம் என்று இருக்கிறதே என்றார் பொறுப்பாக வந்தவர். அவரைக் குறை சொல்லவும் முடியாது. சின்னக்கா அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு, ஆள் இருக்கு ஐயா, உள்ளே ஆள் இருக்கு என்று கத்தியது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. இயந்திரம் வருவதற்குள் தோட்டத்து ஆண்களே மண்வெட்டியும் மண் கிளறும் முள்ளும் கொண்டு தோண்டினார்கள். வாசல் இருந்த இடத்தில், கதவுக்குப் பக்கத்தில்தான் அத்தை கிடந்தார். கதவு திறந்தபடியே இருந்தது.

காரியம் முடிந்த பிறகு கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் வந்தார்கள். கோயில் முடக்குக்கு வந்து நிற்கும்படி தோட்டத் தலைவர் சொல்லி அனுப்பினார். ஒருவரும் போகவில்லை. தகரமும் தரப்பாளும் வைத்துக் கட்டிய தற்காலிகக் கொட்டில்களின் முன்னால் அவரவர் வாசலில் அவரவர் நின்றார்கள். வந்தவர்கள் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு எந்த வாகனச் சத்தம் கேட்டாலும் அந்தச் சனம் இப்படித்தான் வாசலுக்கு வந்து நிற்கிறது, மரக்கறி லொறி வந்தாலும்கூட.

அந்தத் தற்காலிகம் இன்னும் முடியவில்லை. மட்டமான நிலம் அப்படியே புல் முளைத்துக் கிடக்கிறது. உறுப்பினர் மாறிவிட்டார், அமைச்சரும் மாறிவிட்டார், நான் மட்டும் அதே மேசையில் கேள்வி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கடைசி வரிக்கு வரும்போது அறைக்குள் யாரோ கை தட்டிச் சிரிப்பது கேட்கிறது. திரும்பிப் பார்ப்பதில்லை என்று வைத்திருக்கிறேன்.

அந்தக் கொட்டில்களைப் பற்றிய கேள்வி இப்போது பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் ஏறியிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போய்ச் சொன்னேன். பதில் சொல்லும் நாளில் எல்லோரையும் கூட்டிப் போ என்றார் சின்னக்கா. அங்கே சட்டதிட்டம் நிறைய, பேசக்கூடாது, எழும்பி நிற்கவும் கூடாது என்றேன்.

"நின்னா என்னா செய்வாங்க?"

"வெளிய போகச் சொல்லுவாங்க, சின்னக்கா."

அவர் கீழே அந்தப் புல் நிலத்தைப் பார்த்தார்.

"போகச் சொல்லட்டும். ஆளு இருந்தாத்தானே போகச் சொல்ல முடியும்."

மறுநாள் அலுவலகத்துக்குப் போனதும் அத்தனை பேருக்கும் கலரி அனுமதி கேட்டு விண்ணப்பித்தேன். கடைசி வரிசை கிடைத்தால் நல்லது.