தீப்பிடிக்காத பலூன்

என் எழுத்துகள் வரிசையில் நிற்காது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன், பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொண்டு படிக்கவும்.

தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் கேஸ் பலூன் விற்றேன். இரும்புக் குடுவைக்குள் காஸ்டிக் சோடா, அலுமினியத் துண்டு, தண்ணீர் போட்டால் ஹைட்ரஜன் கிளம்பும். ஒருமுறை யாரோ பக்கத்தில் பீடி பற்றவைக்க, என் புருவம் கருகிவிட்டது.

அதிலிருந்து கடை முதலாளிக்குப் பயம். தீபாவளிக்கு முன் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் வேலை பார்த்த ஒருவனை ஹீலியம் சிலிண்டரோடு கூட்டி வந்தார்.

"பண்டிகை வரைக்கும் ரெண்டு பேரும் வில்லுங்க. அப்புறம் வாசல்ல ஒருத்தர்தான்" என்றார்.

எனக்குக் கூவி விற்கக் கூச்சம். அவன் வாய் ஓயாது. "வாம்மா, நெருப்பு புடிக்காத பலூன்!" என்பான். என்னிடம் வழக்கமாக வாங்கும் பிள்ளைகளும் அவன் பக்கம் ஓடினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அவன் சிலிண்டரிலும் ஹைட்ரஜன்தான், ஊரை ஏமாற்றுகிறான் என்று நானே முடிவு கட்டினேன்.

ஒரு சாயங்காலம் ஊதுபத்தியைக் கொளுத்தி அவன் பலூனில் வைத்தேன். பக்கத்தில் பிள்ளைகள் நின்றதைக்கூட நினைக்கவில்லை.

டப்பென்று வெடித்தது. தீ இல்லை.

முதலாளி ஓடி வந்தார். "என்னய்யா சத்தம்?"

அவன் என் கையிலிருந்த ஊதுபத்தியைப் பார்த்தான். "காத்து ஜாஸ்தியா புட்ச்சிட்டேன் மொதலாளி."

அவர் உள்ளே போனதும் என்னருகே வந்தான்.

"இன்னா நைனா, டெஸ்ட்டா? சூரியனுக்குள்ள உன் சரக்கு நாலு நசுங்கிச் சேந்தா என் சரக்கு ஒண்ணு. அதுல துளி எடை கொறையுதாம், அதான் வெயிலு. பட்டறை இன்ஜினீயர் சொன்னாரு."

"அப்புறம் ஏன் எரியல?"

"பஸ்ல ரெண்டு பேர் சீட்டு கீதுல்ல? உன்னுதுல ஒரு எலக்ட்ரான்தான் குந்திக்கினு கீது. தொணைக்கு ஆளு தேடும். நெருப்பு பட்டா காத்தோட சேந்து எரியும். என்னுதுல ரெண்டும் குந்தியாச்சு. அதுக்கு யாரும் வாணாம்."

அந்த வாயுவின் மீதும் எனக்குப் பொறாமை வந்தது.

அவன் காட்டிக்கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். காப்பாற்றியதுதான் பொறுக்கவில்லை. மறுநாள் முதலாளியிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். நேர்மையால் அல்ல, அவன் தயவில் அந்த வாசலில் நிற்கப் பிடிக்கவில்லை. "அப்ப நீ கிளம்பு" என்றார். குடுவையைத் தூக்கிக்கொண்டு மயிலாப்பூர் குளக்கரைக்கு வந்துவிட்டேன்.

இப்போதும் அந்தத் தெருவில் எதிர்ச்சாரியில்தான் நடப்பேன். அவனிடம் எத்தனை பலூன் விற்காமல் மிச்சமிருக்கிறது என்று பார்க்காமல் தாண்டியதில்லை.

12 மார்ச் 1978, ஞாயிற்றுக்கிழமை.