பட்டுப்புடவையில் பக்கோடா வாசனை

வாங்கப் போகிறவர்களை விட வாங்காமல் போகிறவர்களுக்குத்தான் அதிகம் விரித்துக் காட்ட வேண்டும். ஜவுளிக்கடை உத்தியோகம் என்பது அவ்வளவுதான். விரித்ததை முகம் கோணாமல் மடிக்கத் தெரிந்தவன் கெட்டிக்கார சிப்பந்தி.

திருச்சி பெரிய கடைவீதியில், யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷம் முன்னாலிருந்து யுத்தம் முடிகிற வரைக்கும் இந்த வேலையைச் செய்தேன். வீடு ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் தெருவில். கடன் இல்லை. வீட்டில் சண்டை இல்லை. மனைவி பாக்கியம் தங்கமானவள். ஆனாலும் பிற்பகல் ஆனால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். ஏதோ விபரீதம் நடக்கப் போகிறது என்று தோன்றும். ஒன்றும் நடக்காது. அது நடக்காமல் போவதற்குள் நான் பக்கத்துக் காபி கிளப்பில் ஒரு பொட்டலம் பக்கோடா வாங்கித் தின்று தீர்த்திருப்பேன். மெல்லுகிறவரை பயம் தெரியாது. முடிந்ததும் வயிறு எரியும். அந்த எரிச்சல் மாரடைப்போ என்று புதுப் பயம் வரும், அதற்கு அல்வா. பயம் ஓய்ந்தால் அந்த இடத்தில் ஒரு சோர்வு வந்து உட்கார்ந்துகொள்ளும். வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது.

இதை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அனுபவிக்காதவர்களுக்கு விளக்கிப் பிரயோசனம் இல்லை.

முகூர்த்தப் புடவை

துறையூரிலிருந்து ஒரு கல்யாணக் கோஷ்டி வந்தது. கல்யாணப் பெண், அவள் அம்மா, அத்தை, இன்னும் யார் யாரோ. கடையில் என் இடம் பட்டு அடுக்குக்கு முன்னால். வெள்ளை விரிப்பில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விரித்தேன். கூட்டத்தைக் கண்டதும் எனக்கு வழக்கமான படபடப்பு. அன்றைக்குப் பொட்டலத்தை அடுக்கின் பின்னால் வைத்திருந்தேன். "அரக்குல வேற பாக்கலாம்" என்று அவர்கள் சொன்ன போதெல்லாம் எடுக்கத் திரும்புகிற சாக்கில் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டேன்.

கடைசியில் அரக்கு நிறத்தில் ஒரு புடவை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அத்தை மட்டும் முந்தானையை மடியில் போட்டுத் தடவிப் பார்த்தாள். ஜரிகையை நகத்தால் கீறினாள். பிறகு முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தாள். எனக்கு உயிர் போய்விட்டது. முதலாளி செட்டியார் நாலு முழத் தூரத்தில் இருக்கிறார். அந்த அம்மாள் புடவையைக் கீழே வைத்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"புடவை இருக்கட்டுங்க, இதையே எடுத்துக்கிறோம். பக்கோடா எந்தக் கடையில வாங்கினீங்க?"

புத்தூர் டாக்டர்

வயிற்றெரிச்சல் தாங்காமல், மாரடைப்பேதான் என்று முடிவு கட்டிக்கொண்டு, புத்தூரில் ஒரு டாக்டரிடம் போனேன். நல்ல மனிதர். குழாயை வைத்து முன்னும் பின்னும் கேட்டார். நாக்கை நீட்டச் சொன்னார். கண்ணை இழுத்துப் பார்த்தார். என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

இருதயத்தில் ஒன்றுமில்லை, நரம்புத் தளர்ச்சிதான் என்றார். கலர் தண்ணீர் ஒரு பாட்டில் கொடுத்தார். நான் வாசலுக்கு வந்த பிறகு, ஏதோ மறந்தவர் போலத் திரும்பக் கூப்பிட்டார்.

"எண்ணெய்ப் பலகாரம், மிட்டாய், அடிக்கடி காப்பி, எல்லாத்தையும் இன்னியோட விட்டுடுங்க. கவலைப்படறதையும் சேர்த்து விட்டுடுங்க."

சபதம்

டாக்டர் சொல்லிவிட்டாரே என்று நானும் விட்டேன். பக்கோடா கிடையாது, அல்வா கிடையாது, காப்பி கிடையாது. சத்தியம் வேறு பண்ணினேன். வீம்புக்கு மத்தியானச் சாப்பாட்டையும் விட்டேன். இரண்டு நாள் பெரிய ரிஷி மாதிரி இருந்தது. அதற்கப்புறம் புடவைக் கரையில் போட்டிருந்த மாங்காயெல்லாம் நிஜ மாங்காயாகத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில் ஆயுத பூஜை வந்தது. கடையைக் கழுவி, கஜக்கோலுக்கும் கத்தரிக்கோலுக்கும் சந்தனம் பூசி வைத்திருந்தோம். பொரி, கடலை, வெல்லம், சுண்டல், வடை எல்லாம் பின்கட்டில். ஐயர் வர நேரமாயிற்று. காத்திருக்கக் காத்திருக்க எனக்கு நெஞ்சு படபடத்தது. தண்ணீர் குடிக்கப் பின்கட்டுக்குப் போனேன். எப்படி உட்கார்ந்தேன், எப்போது ஆரம்பித்தேன் என்று தெரியாது. நிமிர்ந்து பார்த்தபோது வடைத் தட்டு காலி. நிலைப்படியில் நாகலிங்கம் நின்றுகொண்டிருந்தான். எனக்குப் பக்கத்தில் வேஷ்டி அடுக்கில் உட்காருகிறவன் அவன். என்னைவிட ஒரு வயது இளையவன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. முப்பது வயது ஆள், வாயில் வடையை வைத்துக்கொண்டு அழுதால் எப்படி இருக்கும்! அவன் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துத் துடைத்தான். மேல்துண்டால் மறைத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்தான்.

"அண்ணே, அழுவாதீங்க. ஐயரு வர்றதுக்குள்ள கிளப்புல வாங்கியாந்துடறேன். சாமி இன்னும் எண்ணிப் பாக்கல."

மடிக்க ஆள் இல்லை

அடுத்த தை மாதம் நான் படுத்துவிட்டேன். காய்ச்சல் இல்லை. காலையில் எழுந்திருக்க வேண்டும் என்று தெரியும். எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். அதுவரை தின்று தீர்த்தவனுக்கு இப்போது எதுவும் வேண்டியிருக்கவில்லை. பாக்கியம் ரசஞ்சாதம் கரைத்துக் கொடுத்தாள். அதுவும் பாதியில் நின்றது. காவேரிப் பாலத்தைத் தாண்டி கடைக்குப் போவதை நினைத்தாலே போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொள்வேன். கடையில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று தெரிந்தது. போடட்டும் என்று இருந்தது. அதைவிட மோசமாகவும் சில யோசனைகள் வந்தன. பாக்கியம் கொல்லைக் கிணற்றுக்கு என்னைத் தனியாக விடுவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாகலிங்கம் வந்தான். எனக்கு என்ன என்று விசாரிக்கவில்லை. கோயிலுக்குப் போனானாம், வழியில் வந்தானாம். பாக்கியம் அவனுக்கும் எனக்கும் மோர்ச்சாதம் போட்டாள். அவன் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டு, கடையில் யார் வந்தார், யார் பேரம் பேசினார் என்று சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டுக்கொண்டே நானும் கொஞ்சம் சாப்பிட்டிருக்கிறேன். இலையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. கிளம்பும்போது சொன்னான்:

"நீங்க ஒண்ணும் விக்க வேணாம்ணே, விக்கறதுக்கு நாங்க இருக்கோம். விரிச்சதெல்லாம் மலை மாதிரி கிடக்குது, மடிக்கத்தான் ஆள் இல்ல."

பாக்கியத்தின் ஏற்பாடு

மறுவாரம் போனேன். பஸ் பாலத்தில் ஏறினதும் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது மலைக்கோட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. செட்டியார் ஒன்றும் கேட்கவில்லை. நாகலிங்கம் என்ன சொல்லி வைத்திருந்தானோ தெரியாது. ஒரு மூலையில் உட்கார்ந்து மடித்தேன்.

புறப்படும்போதே பாக்கியம் ஒரு தூக்குச் சட்டியில் சாப்பாடு கட்டிக் கொடுத்திருந்தாள். பக்கோடாவை விடச் சொல்லி அவள் சத்தியம் வாங்கவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று: மத்தியானம் ஆனதும் பசித்தாலும் பசிக்காவிட்டாலும் தூக்கைத் திறக்க வேண்டும், உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதற்குமேல் பக்கோடா வேண்டுமானால் என் இஷ்டம். நாகலிங்கத்தையும் கூட உட்காரச் சொல்லியிருந்தாள். அவன் வேலை, நான் திறக்கிறேனா என்று பார்ப்பது. பார்க்கிறவன் சும்மா இருப்பானா? மாவடுவெல்லாம் அவனுக்குத்தான் போயிற்று.

கீரையும் கூட்டுமாக வயிறு நிறைந்த நாட்களிலும் பிற்பகல் பயம் தவறாமல் வந்தது. வந்தால் கடையை விட்டு இறங்கி, தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவேன். திரும்பி வருவதற்குள் சில நாள் பயம் போயிருக்கும். சில நாள் போகாது, அன்றைக்குக் கிளப். ஒருநாள் தூக்கைத் திறந்தால் கத்தரிக்காய்க்குப் பதில் பாகற்காய். நான் முகம் சுளித்தேன். நாகலிங்கம் அதைவிட அதிகமாகச் சுளித்தான்.

"அண்ணி உங்க வயித்தைச் சரி பண்றாங்க, சரி. என் வயித்துக்கு என்னண்ணே கேடு?"

ராவுத்தர்

பாலக்கரையில் தோல் மண்டி வைத்திருந்த ராவுத்தர் ஒருவர் ரமலான் மாதத்தில் குடும்பத்துக்கெல்லாம் துணி எடுக்க வருவார். சாயங்கால நேரம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடித்திருக்க மாட்டார். நிதானமாக உட்கார்ந்து கைலியின் கரையைப் பார்ப்பார். ஒருநாள் பக்கத்துக் கிளப்பிலிருந்து எண்ணெய் வாசனை வந்துகொண்டிருந்தது. எனக்கே வாய் ஊறியது. இவருக்கு எப்படி இருக்கும்!

"பாய், நாள் பூரா எப்படித் தாங்கறீங்க? எனக்கு ஒரு மணி நேரமே யுகமா இருக்கு" என்று கேட்டேன். பெரிய உபதேசமாக வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் கிளப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். கைலியை மடித்து என்னிடம் நீட்டினார்.

"நோன்பு வைக்கிறது ஒண்ணும் கஷ்டமில்ல தம்பி. தொறந்தப்புறம் நிறுத்தறோம் பாருங்க, அதுதான் கஷ்டம்."

கிளப்பில் விசாரிப்பு

ஆடிப்பெருக்குக் கூட்டம் முடிந்து ஒருநாள் தெப்பக்குளத்தைச் சுற்றிவிட்டு வந்துகொண்டிருந்தேன். கிளப்பில் பலகாரம் போடுகிற சரக்கு மாஸ்டர் வாசலில் காற்று வாங்க நின்றிருந்தார். என்னைக் கண்டதும் பேயைக் கண்டவர் போல் பார்த்தார். நான் வேலையை விட்டுவிட்டேன் என்று நினைத்தாராம். "இங்கேதான் இருக்கிறேன்" என்றேன். மனுஷனுக்கு நிஜமாகவே வருத்தம்.

"இருக்கீங்களா? நீங்க ஊரை விட்டுப் போயிட்டீங்கன்னு சாயங்காலம் பக்கோடா ஒரு ஈடு குறைச்சுட்டேனே!"

தீபாவளி

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதத்தான் ஆசை. அந்தத் தீபாவளிக்குக் கடையில் நிற்க இடமில்லை. தூக்கு திறக்கப்படாமலே ஆணியில் தொங்கியது. நாகலிங்கத்துக்கும் நேரமில்லை. பிற்பகலில் பயம் வந்தது. தெப்பக்குளத்துக்குப் போகக் கூட்டத்தில் வழியில்லை, கிளப்புக்கு வழி இருந்தது. கால் வீசை அல்வாவும், கையில் அள்ளிய மட்டும் பக்கோடாவும் நின்ற நிலையில் உள்ளே போயின.

வீட்டுக்குத் திரும்பும்போது, இத்தனை மாதமும் பாழ் என்று தோன்றியது. பழைய சோர்வு பஸ்ஸிலேயே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. நாளைக்கு எழுந்திருக்க மாட்டேன் என்றே நினைத்தேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பாக்கியத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். திறக்காத தூக்கையும் நீட்டினேன். அவள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். சோறு கெட்டிருந்தது. கொல்லையில் கொட்டிவிட்டு வந்தாள். கை கழுவினாள்.

"சரி, அது போச்சு. ராத்திரிக்கு ரசம் வெச்சிருக்கேன், கை கால் கழுவிட்டு வாங்க. நாளைக்கு என்ன கட்டட்டும், புளியஞ்சாதமா, எலுமிச்சம்பழச் சாதமா?"

மறுநாள் எழுந்துவிட்டேன், தூக்கில் புளியஞ்சாதம்.

இத்தனை வருஷம் ஜவுளிக்கடையில் உட்கார்ந்து நான் கண்டதைச் சொல்வதானால், பயம் தானாக வரும், தானாகப் போகும்; பக்கோடாவை மட்டும் நாம்தான் எழுந்து போய் வாங்கிவர வேண்டியிருக்கிறது.