கண்மாய்க்குள் ஒன்பது குழி

ஆசியாக் கண்டத்திலேயே பெரிய கோல்ஃப் மைதானம் எங்கள் ஊர்க் கண்மாய்க்குள்தான் இருந்தது. அதில் ஆடுவதற்காகச் சீமையிலிருந்து ஆட்கள் கப்பலேறி வந்து, மதுரை ஸ்டேஷனில் இறங்கி, எழுமலை பஸ்ஸுக்கு வரிசையில் நின்றார்கள்.

சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். சீமையிலிருந்து யாரும் வரவில்லை. மலையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வரிசை என்பதும் பொய். எழுமலை பஸ்ஸுக்கு எவர் வரிசையில் நின்றார்? ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுத்தான் இடம் பிடித்தார்கள். ஆனால் மைதானம் இருந்தது மெய். அதை உண்டாக்கியவன் என் கூடப்பிறந்த தம்பி கண்ணுச்சாமி. சாட்சி வேண்டுமென்றால், நான் இதை எழுத எழுத வாசித்துக் காட்டச் சொல்லி எதிரே உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருக்கிறாளே, அவன் பெண்டாட்டி மாயக்காள், அவளைக் கேட்டுக்கொள்ளலாம்.

கண்ணுச்சாமி பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு மலைக்கு ஏறிப் போனவன். அங்கே ஒரு கோல்ஃப் கிளப்பில் புல் வெட்டுகிற வேலை. முதல் லீவில் வந்தபோது, வெட்டின புல்லைக் கூடை கூடையாகப் பள்ளத்தில் கொட்டிவிடுகிறார்கள் என்று சொன்னான். எங்கள் அம்மா நம்பவில்லை. மாடு இல்லாத ஊரா அது என்று கேட்டாள். மாடு இருக்கிறது, மைதானத்துக்குள் விடமாட்டார்கள் என்றான். அன்றைக்கு முழுக்க அம்மா அந்தப் புல்லை நினைத்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

குழியைச் சுற்றியுள்ள புல்லைப் பட்டுப்போல மழித்து வைப்பதில் அவன் கெட்டிக்காரன். அந்தப் பட்டின் மேல் மற்றவர்கள் பந்தை உருட்டினார்கள். வேலைக்காரர்கள் பந்தைப் பொறுக்கலாம், அடிக்கக் கூடாது. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, யாரும் மீறினதும் இல்லை. கார்த்திகை மார்கழியில் மூடுபனி இறங்கி, பக்கத்தில் நிற்கிற ஆளே தெரியாத காலையில், இவன் யாரோ கழித்துப் போட்ட மட்டையால் இரண்டொரு அடி அடித்துப் பார்த்திருக்கிறான். அடித்த பந்து எந்தப் பக்கம் போயிற்று என்று அவனுக்கே தெரியாது. வெள்ளைக்குள் வெள்ளை போய்விடும். விழுந்த சத்தமும் கேட்காது.

அதனால்தான் அவனுக்கு அந்த ஆசை வந்தது என்று நினைக்கிறேன். மற்றவர்களுக்கு மச்சு வீடு, மோட்டார் சைக்கிள் என்று ஆசை வரும். இவனுக்கு, முதல் குழியிலிருந்து கடைசிக் குழி வரை ஒரே ஒரு முழு ஆட்டம், பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒருவர் நின்று அடியை எண்ண, ஆடி முடித்துவிட வேண்டும். எண்ணுகிறவர் இல்லாமல் ஆடினால் அது ஆட்டமே இல்லை, வெறும் உலாத்தல் என்பான்.

அப்பா போனதும் நிலத்தைப் பார்க்கக் கீழே இறங்கி வந்தான். மாயக்காளைக் கட்டினான். கண்மாய்த் தண்ணீரை நம்பின வயல். ஆசையை மடித்து எங்கேயோ வைத்துவிட்டான் என்றுதான் நினைத்தோம். அப்புறம் எண்பத்திரண்டாம் வருஷம் வந்தது. ஆடி பொய்த்தது, ஐப்பசியும் பொய்த்தது. கண்மாய் அடி வரைக்கும் காய்ந்து, கரிசல் பாளம் பாளமாக வெடித்து, ஆயிரம் ஆமைகள் நெருக்கியடித்துப் படுத்திருப்பது போலக் கிடந்தது. வயலில் வேலை இல்லை. ஊர் ஆண்கள் மரத்தடியில் ஆடு புலி ஆடினார்கள். இவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கினான்.

ஒன்பது இடத்தில் ஆற்று மணலைக் கொட்டி வட்டமாகப் பரத்தினான். காற்றில் பறக்காமல் இருக்க, உசிலம்பட்டி லாரி பட்டறையில் கழித்த எண்ணெயை வாங்கி வந்து அதில் பிசைந்து அழுத்தினான். அங்கே பச்சை வட்டம், இங்கே கருப்பு வட்டம். வட்டத்துக்கு நடுவில் டால்டா டப்பாவைப் புதைத்தால் குழி. மாயக்காளின் பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்து, கருவேலங் கம்பில் கட்டினால் கொடி. பெண்கள் கரையில் நின்று, குச்சியால் பந்தை விரட்டுகிறதுக்கு ஆட்டை விரட்டினால் பாலாவது கிடைக்கும் என்று சிரித்தார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மலைக்கு ஒரு கார்டு போட்டான்: கண்மாய் காய்ந்துவிட்டது, உடனே புறப்பட்டு வரவும்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அனந்தராமன், கிளப்பில் கணக்கு எழுதுகிறவர், மதுரை வடக்கு மாசி வீதிக்காரர். இன்னொருவர் பேயாண்டி, கிளப்பின் சமையல்காரர், மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். இவர்களும் என் தம்பியைப் போல மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தே வயதானவர்கள். மலையில் கார்த்திகை என்றால் கம்பளிக்குள் கம்பளி. அந்த மாதத்தில்தான் இவர்களுக்கு லீவு. குளிர் தேசத்துச் சனங்கள் வெயிலைத் தேடிப் போய் விளையாடுவதைப் பற்றி நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தும்போது சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எங்கள் ஊரைத் தேடி, அதுவும் வெயிலுக்காக, வந்த மனிதர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அனந்தராமன் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மப்ளரைக் கழற்றினார். ஊர் எல்லையில் ஸ்வெட்டர். கண்மாய்க் கரைக்கு வருவதற்குள் சட்டையையும் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். தலையில் கிளப் தொப்பி மட்டும் இருந்தது. பேயாண்டி கரைக் கல்லில் ஓணான் மாதிரி மல்லாந்து படுத்தவர், நாங்கள் வெயிலென்று திட்டுகிற அதை உடம்பெல்லாம் பூசிக்கொண்டார். “முட்டி வலி போயிருச்சு மாப்ள. இந்தக் கல்ல ஒரு பஸ்ஸுல ஏத்தி விடு, கொண்டுபோறேன்” என்றார். மாயக்காள் கம்பங்கூழும் மோர்மிளகாயும் கொடுத்தாள். அடுத்தவர் ஆக்கிப்போட்டு உட்கார்ந்து சாப்பிடுவது அவருக்கு எத்தனை வருஷத்துக்குப் பிறகோ, சட்டி காலியான பின்னும் எழுந்திருக்கவில்லை.

அனந்தராமனைப் பற்றிக் கண்ணுச்சாமி என்னிடம் முன்பே ஒரு விஷயம் சொல்லியிருந்தான். முந்தின வருஷ மழையில் அவருடைய தாயார் வாலாம்பாள் மதுரையில் இறந்துபோனார். மலைப்பாதை சரிந்து கிடந்ததால் இவரால் இறங்க முடியவில்லை. அவருடைய தம்பிதான் கொள்ளி வைத்தார். அதைப் பற்றி அவர் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை.

அவர்கள் வந்த அதே நாளில்தான் ஊரில் கொடும்பாவிக்கு முடிவு செய்திருந்தார்கள். மழை பொய்த்தால், ஊரின் பாவத்தையெல்லாம் ஒரு வைக்கோல் பொம்மை மேல் ஏற்றி, அதைப் பிணமாகப் பாவித்து, ஒப்பாரி வைத்து எரிப்பது வழக்கம். அதைப் பார்த்து வானம் அழும் என்று நம்பிக்கை. மற்ற ஊர்களில் தெருவில் கட்டி இழுப்பார்கள். எங்கள் ஊரில் மரியாதை ஜாஸ்தி, துணி போர்த்திப் பாடையில் தூக்குவார்கள். எரிக்கிற இடம் கண்மாயின் கடைசிப் பள்ளம். கண்ணுச்சாமியின் ஒன்பதாவது குழியும் அங்கேதான். விருந்தாளிகள் மறுநாள் விடிந்ததும் மலையேற வேண்டியவர்கள். ஆகவே அந்த ஒரு பகல்தான் அவனுக்கு.

ஒப்பாரிக்குத் தலைவி ராக்கம்மாள். அவளிடம் போய், நாளைக்கு வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டான்.

“தண்ணி மொதமொத வந்து நிக்கிற எடம்டா அது. நீ டப்பாவப் பொதச்சதுக்காக ஊரு வழக்கத்த மாத்தச் சொல்றியா?”

“இல்ல அத்தை. சாயந்தரம் நீங்க வாரதுக்குள்ள முடிச்சிருவேன்.”

“முடிச்சாச் சரி. ஏன்டா, ஒனக்கு மழை வேணுமா, பந்து வேணுமா?”

கண்ணுச்சாமி உண்மையாகவே யோசித்தான். “ரெண்டும் வேணும். பந்து மொதல்ல.”

ஆட்டம் மத்தியானம் தொடங்கியது. நான் குடையும் கையுமாகக் கரையில் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு வருஷம் கழித்தும் கண்ணை மூடினால் முதலில் தெரிவது அந்த அமைதிதான். தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் மனிதர்கள் நடந்து போகிறார்கள். மீன் நீந்துகிற உயரத்தில் கொடி ஆடுகிறது. தூரத்தில் அவர்கள் வந்த மலை, நீலமாக, தலையில் மேகத்தைச் சுற்றிக்கொண்டு, இவர்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது. கண்ணுச்சாமி மட்டையை வீசினால் சத்தம் ஒரு நொடி கழித்துத்தான் கரைக்கு வரும். அதற்குள் பந்து மேலே ஏறியிருக்கும். அது கீழே வருவதற்குள் நிதானமாக ஒரு வெற்றிலை போட்டுக்கொள்ளலாம். நான் போட்டேன்.

வெடிப்பில் விழுந்த பந்தைக் கொண்டை ஊசியால் எடுத்துக்கொள்ளலாம், ஆடு கவ்விய பந்து ஆட்டின் வாயிலிருந்து விழுந்த இடத்தில் ஆட வேண்டும் என்பதெல்லாம் எங்கள் கண்மாய்ச் சட்டங்கள். ஐந்தாவது குழியில் பேயாண்டியின் பந்து கொண்டை ஊசிக்கு எட்டாத ஒரு வெடிப்புக்குள் போயிற்று. காதை வைத்துக் கேட்டார்கள், போய்க்கொண்டே இருந்தது. மறுநாள் பேரையூரில் ஒருவர் கிணற்றில் வாளியால் இறைத்தபோது வெள்ளையாக ஏதோ வந்ததாகக் கேள்வி. பேயாண்டி மட்டையைக் கொடுத்துவிட்டுக் கொடி பிடிக்கிற வேலைக்கு மாறிக்கொண்டார். அடியை எண்ணுகிற பொறுப்பு முதலிலிருந்தே அனந்தராமனுடையது. பேயாண்டியிடம் விட்டால் குறுக்கே வருகிற ஆட்டையும் சேர்த்து எண்ணிவிடுவார். தொடங்கினவரே கடைசி வரை எண்ண வேண்டும், அதில் கண்ணுச்சாமி பிடிவாதமாக இருந்தான்.

ஒன்பதாவது வட்டத்துக்கு வந்தபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. மேற்கே மேகம் கருத்திருந்தது. அது தினமும் கருக்கும், பிறகு கலையும், ஆகவே யாரும் கவனிக்கவில்லை. கண்ணுச்சாமியின் பந்து கருப்பு வட்டத்தின் மேல், டால்டா டப்பாவுக்கு இரண்டு முழத்தில் வந்து நின்றது. இன்னும் ஒரு அடி. அவன் குனிந்து மண்ணை ஊதினான். அப்போதுதான் கரைக்கு மேல் கொட்டுச் சத்தம் கேட்டது. சங்கு ஊதிக்கொண்டு பாடை இறங்கியது.

கிளப்பில் ஒரு மரியாதை உண்டு. வேலிக்கு வெளியே சாலையில் பிணம் போனால், ஆடுகிறவர்கள் அப்படியே நின்று தொப்பியைக் கழற்றுவார்கள். வருஷக்கணக்காக அதைப் பார்த்தவர் அனந்தராமன். தொப்பியைக் கழற்றினார். அதோடு நிற்காமல், கழற்றிய தொப்பியைக் கையில் பிடித்தபடி பாடையை நோக்கி நடந்தார். கண்ணுச்சாமி “சாமி, அது…” என்று தொடங்கினான். அதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பெண்கள் பொம்மையின் பெருத்த வயிற்றையும் கோணல் காலையும் சொல்லி ஒப்பாரி வைத்துக்கொண்டு, முந்தானைக்குள் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அனந்தராமன் ராக்கம்மாளிடம், போனது யாரம்மா என்று கேட்டார். அவள் ஒப்பாரிக்கு நடுவே வேஷத்தைக் கலைப்பாளா?

“ஊருக்கே வேண்டியவுக சாமி. பெத்த புள்ள பக்கத்துல இல்லாமப் போயிட்டாக.”

அனந்தராமன் முன்னால் போன ஒருவனை விலக்கிவிட்டுத் தோள் கொடுத்தார். பாடையில் கனமே இல்லை. நோயில் இளைத்த உடம்பு என்று நினைத்தாராம். நாலு எட்டு வைத்ததும் அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. “நான் வரலியேம்மா” என்று ஒரு தடவை சொன்னார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. முந்தானைச் சிரிப்பு நின்றது. முதலில் ராக்கம்மாள் குரல் உடைந்தது, பிறகு ஒவ்வொருத்தியும் தனக்குத் தனக்கு உள்ளதை எடுத்து அழுதாள். அந்த வைக்கோல் பொம்மைக்குக் கிடைத்த கண்ணீர் எங்கள் ஊரில் நல்ல மனிதர்களுக்கே கிடைத்ததில்லை. பின்னால் அவரிடம் விஷயத்தைச் சொன்னபோது, “பாதி வழியிலேயே வைக்கோல் காதுல குத்தித்து, தெரிஞ்சுடுத்து. அதுக்காக நிறுத்தணுமா என்ன?” என்றார்.

இத்தனை நேரமும் கண்ணுச்சாமி மட்டையை ஊன்றிக்கொண்டு பந்துக்குப் பக்கத்தில் நின்றான். எண்ணுகிறவர் இல்லாமல் அடிக்க மாட்டான். எண்ணுகிறவர் அழுதுகொண்டிருக்கும்போது கூப்பிடவும் மாட்டான்.

பாடையை வட்டத்துக்கு அருகே இறக்கினார்கள், நானும் கரையை விட்டு அங்கே போய்விட்டேன். கொள்ளிச் சட்டி வந்தது. அப்போது கருப்பு மணலில் ஒரு துளி விழுந்தது. எண்ணெய் என்பதால் அது உடையவில்லை, முத்துப்போல உருண்டு நின்றது. பக்கத்தில் இன்னொன்று. வட்டம் முழுக்க முத்தாகிற வரை நாங்கள் எல்லோரும் மூச்சு விடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் வானம் இடிந்து விழுந்தது. கொள்ளி அணைந்தது. ராக்கம்மாள் கொட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினாள். மலையில் முந்தின நாளே பெய்த மழை, ஓடை வழியாகச் செம்மண் நிறத்தில் உள்ளே வந்தது.

அனந்தராமன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து தன் இடத்தில் நின்றார். “உன் அடிதான் கண்ணு. எண்ணிண்டுதான் இருக்கேன்” என்றார்.

கண்ணுச்சாமி காலை அகட்டினான். மெல்லத் தட்டினான். பந்து மழைநீரில் மிதந்து, டால்டா டப்பாவை மூன்று தரம் வலம் வந்து, ‘டொக்’கென்று உள்ளே இறங்கியது. ஆட்டம் முடிந்தது. மழை கைதட்டியது.

இதுவரை வாசித்ததும் மாயக்காள் முறத்தைத் தள்ளி வைத்தாள்.

“மதினி, ஒங்க தம்பி அடிக்கவே இல்ல. கம்ப ஓங்குனாக, அம்புட்டுத்தான். ஒருபக்கம் தண்ணி உள்ள வருது, மறுபக்கம் மடை தெறந்தே கெடக்கு, வந்த தண்ணி பூராம் வெளிய ஓடுது. ஊரே ஆடிக்கிட்டு நிக்கிது, ஒருத்தரும் பாக்கல. அவுகதான் பாத்தாக. கம்பப் போட்டுட்டு ஓடிப்போயி மடைக்குள்ள எறங்கிட்டாக. பலகை போட்டு மண்ணு அள்ளி அடைக்க நானும் கூட ஓடுனேன். திரும்பிப் பாத்தா வட்டத்தையும் காணோம், டப்பாவையும் காணோம். அய்யரு முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு, ‘கண்ணு, இன்னும் ஒரு அடி பாக்கி’ங்கிறாரு. இவுக மடைக்குள்ள இருந்து என்ன சொன்னாக தெரியுமா? ‘இருக்கட்டும் சாமி, அடுத்த பஞ்சத்துல அடிச்சுக்கிறேன்’னாக. சேத்துக் கையோட அவுக வாயப் பொத்துனேன். பந்து இன்னமும் தண்ணிக்குள்ளதான் கெடக்கு மதினி.”